முதுகைக் காட்டி நில்

ஆளைக் கண்டால் துரை மேலே தாவும். அந்த வீட்டு நாயின் கெட்ட பழக்கம் அது, பால்காரரிலிருந்து கேஸ் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில், ஆளே இல்லாத இடத்தில் அது தாவியது. தாவிய முன்னங்கால்கள் தரைக்குத் திரும்பாமல் எதன் மேலோ ஊன்றிக்கொண்டதுபோல அந்தரத்தில் நின்றன. பின்னங்கால் நகங்கள் டைல்ஸ் தரையில் கிறீச்சிட்டுச் சறுக்க, வால் பக்கத்துத் தண்ணீர்க் குடத்தில் டொம் டொம்மென்று அடிக்க, யாரோ தாடையைச் சொறிந்துவிடுவதுபோல முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது அந்த வெள்ளை ராஜபாளையம். பிறகு இறங்கி, கூடத்தில் நின்ற நாகஜோதியை ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல வெளியே போய்விட்டது.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல்தான்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துரை அவள் மேல் ஒரு தடவைகூடத் தாவியதில்லை. ஊரில் உள்ளவன் மேலெல்லாம் விழுந்து புரளும் நாய், அவள் வந்தால் மட்டும் ஒதுங்கி வழிவிடும். அதற்குப் பேர் வைத்தது அவள் புருஷன் அழகுபாண்டியின் முதல் மனைவி சுபலட்சுமி. குட்டியாக மடியில் போட்டு வளர்த்ததும் அவள். இந்தத் தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தது, வாசலில் செம்பருத்தி வைத்தது, கிரைண்டரை எந்த மூலையில் வைப்பது என்று முடிவு செய்தது எல்லாம் அவள்தான். எல்லாம் செய்துவிட்டு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருக்கிற சக்களத்தி என்றால் கொண்டையைப் பிடித்து உலுக்கலாம், தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்கலாம். போட்டோவுக்குள் உட்கார்ந்து சிரிக்கிறவளை என்ன செய்வது?

இருட்டும் நேரத்தில் அழகுபாண்டி வந்தான். வாடிப்பட்டியில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன், கையெல்லாம் கிரீஸ். துரை பாய்ந்து அவன் தோளில் காலைப் போட்டது.

“டேய், எறங்குடா. சட்டையெல்லாம் மண்ணு. போதும், போதும்.” சொன்னானே தவிர, குனிந்து முகத்தை நக்கக் கொடுத்தான். “சுபா குடுத்த செல்லம். தாவவிட்டே பழக்கிட்டா.”

அந்தப் பேரைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கி மெத்தென்று ஆகும். நாகஜோதியை அவன் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அந்தக் குரலில் பேசியதும் இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குரல்தான்.

“ஒரு ஆள வச்சு நாயப் பழக்கணும்ங்க,” என்றாள். “மேல விழுந்து என் சேலையெல்லாம் பிராண்டுது.”

அது பச்சைப் பொய். அவன் நம்பினான்.

அடுத்த வாரம் பைக்கில் வந்தான் இம்மானுவேல். தோட்டத்து நாய்களையும் பங்களா நாய்களையும் பழக்குகிறவன், கலகலப்பான ஆள்.

“நாய் வாலை நிமித்த முடியாதுன்னுல்ல தம்பி சொல்வாக?” என்றாள் அவள்.

“வால எதுக்குக்கா நிமித்தணும்? அது ஆட்டுறதுக்கு. நம்ம தாவுறத நிப்பாட்டுவோம்.” துரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னான். “தாவுறதுன்னா என்னையப் பாருன்னு கேக்குது. வஞ்சாலும் அதுக்குக் கொண்டாட்டம், தள்ளுனாலும் வெளையாட்டு. அதனால பாக்காதீக, பேசாதீக, தொடாதீக. கையக் கட்டிக்கிட்டு முதுகக் காட்டி நில்லுங்க. நாலு காலும் தரையில பட்டு உக்காந்த பெறகு ஒரு பிஸ்கட்டு. அம்புட்டுத்தான்.”

“கேக்குமா?”

“கேக்கும். ஆனா விடுறதுக்கு முன்னாடி ஒருக்கா மூர்க்கமாத் தாவும்க்கா. இம்புட்டு நாளு கெடச்சது ஏன் கெடைக்கலன்னு மேல விழுந்து பிராண்டும். அந்நேரம் திரும்பிறாதீக. இன்னொண்ணு, வீட்டுல எல்லாரும் ஒண்ணுபோல இருக்கணும். ஒருத்தர் எளக்கம் காட்டுனாலும் அது அவுககிட்டப் போயிரும்.”

கதவோரம் நின்ற அழகுபாண்டி தலையைச் சொறிந்தான். “ஆசையா வர்ற உசுருக்கு எப்பிடிய்யா முதுகக் காட்டுறது? என்னால முடியாது.”

“முடியணும்ண்ணே,” என்று சிரித்தான் இம்மானுவேல். பிறகு துரைக்கென்று ஒரு இடம் வேண்டும், பழைய துணி எதையாவது விரித்து, கூப்பிட்டதும் அதில் வந்து உட்காரப் பழக்கலாம் என்றான்.

நாகஜோதி பீரோவைத் திறந்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தது அந்த அரக்குச் சேலை. அவள் கல்யாணத்துக்கு முன்னால், செத்துப்போன மூத்தாளுக்கு என்று எடுத்து, வளையலும் பூவும் வைத்துப் படைத்த சேலை. செத்தவள் மனம் குளிர்ந்து இளையாளை ஏற்றுக்கொள்ள, இளையாள் அதை உடுத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கொட்டாம்பட்டியில் மூத்த மகனோடு இருக்கிற மாமியார் ரெங்கம்மாள் போன் செய்யும்போதெல்லாம், “சேலைய உடுத்திட்டியாத்தா?” என்று கேட்பாள். “உடுத்திட்டேன் அத்தை” என்பாள் நாகஜோதி. உடுத்தவில்லை. ஒருத்தி தின்ற தட்டில் தின்பதுபோல இருந்தது அவளுக்கு. வீடு செத்தவளுடையது, புருஷன் செத்தவளுடையவன், உடுத்துகிற துணியுமா அவள் தயவில்?

சேலையை நாலாக மடித்துக் கூடத்து மூலையில் விரித்தாள். துரை தூரத்தில் நின்று மோந்து பார்த்தது. பிறகு வந்து அதில் மூக்கைப் புதைத்துப் படுத்து, தொண்டைக்குள்ளேயே அழுதது.

பழக்கும் வேலை நன்றாகத்தான் நடந்தது. அழகுபாண்டி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரக் கற்றுக்கொண்டான். பால்காரர் முதுகைக் காட்டினார். வெளியாட்கள் மேல் தாவுவது குறைந்தது. ஆனால் விளக்கு வைக்கும் நேரமானால் துரையின் காதுகள் அடுப்படி வாசலை நோக்கி நிமிரும். வால் மெல்ல ஆடத் தொடங்கும். நாகஜோதி அதைப்பற்றி இம்மானுவேலிடம் கேட்டாள், சும்மா கேட்பதுபோல.

“ஆளில்லாத எடத்துல தாவுனா?”

“ஆளில்லாம எங்கக்கா தாவும்?” என்றவன், துரை பார்த்த திசையைத் தானும் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். “அங்க யாரா இருந்தாலும் நீங்க கூப்பிட்டுப் பிஸ்கட்டு குடுங்க. கையில பிஸ்கட்டு உள்ளவுக பக்கந்தான் நாய் நிக்கும்.” அதன்பிறகு அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அவளுக்கு அவன் தேவையும் இல்லை. தினமும் விளக்கை ஏற்றிவிட்டுக் கூடத்தில் பிஸ்கட்டோடு நின்றாள். வால் ஆடத் தொடங்கும்போது, “துரை, இங்க வா, உக்காரு” என்பாள். முதலில் அது அங்கும் இங்கும் பார்த்துத் தவிக்கும். அடுப்படிப் பக்கம் ஒரு அடி வைக்கும், அவள் கையைப் பார்க்கும், கொட்டாவி விடும், முனகும். நாளாக ஆக முனகல் குறைந்தது. ஒருநாள் கூப்பிட்டதும் நேராக வந்து சேலை மேல் உட்கார்ந்தது. அடுப்படிக்கு முதுகைக் காட்டி, அவள் கையையே பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நாலுவழிச் சாலையில் லாரி போகும் இரைச்சல் ஓய்ந்து, சுற்றியிருந்த காலி மனைகளில் பூச்சிகள் கத்தத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில், அடுப்படி வாசலில், தாழ்வாக, மடியைத் தட்டி நாயைக் கூப்பிடுகிற சத்தம். தட், தட், தட். ச்சு, ச்சு என்று நாக்கைச் சொடுக்கும் ஒலி. துரையின் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது. ஆனால் அது திரும்பவில்லை.

நாகஜோதி பிஸ்கட்டைக் கொடுத்தாள். மனசுக்குள் ஒரு குதியாட்டம். “பாத்தியா?” என்றாள் சத்தமாக, வாசலைப் பார்க்காமலே. “உன் நாயி. இப்ப யாரு பேச்சக் கேக்குது?”

மடி தட்டும் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வாடை வரத் தொடங்கியது. நாள்பட்ட காய்ச்சல்காரரின் படுக்கையிலிருந்து வருமே, வேர்வையும் மருந்தும் கலந்து புளித்த ஒரு வாடை, அது. காலையில் பினாயில் போட்டுத் துடைத்தால் போகும். சாயங்காலம் அடுப்படியிலிருந்து கிளம்பி, கூடத்துக்கு வந்து, அவள் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே வரும். தோசை வார்க்கும்போது பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். சொம்பு ஒன்று மேடையிலிருந்து தானாக விழுந்து உருளும். நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. என்னையப் பாரு என்று கேட்கிறாள், அவ்வளவுதானே. கேட்கட்டும். பார்க்காமல் விட்டால் எந்தக் கெட்ட பழக்கமும் போய்விடும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். சிறுமலைப் பக்கம் வானம் கறுத்து, நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டு வந்துவிட்டது. ஓட்டு ஷெட்டில் மழை அறையும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. விளக்கை ஏற்றப் போனபோது கரண்ட் போனது. தீப்பெட்டியை எடுக்கக் கையை நீட்டியவளுக்கு, மழையின் குளிர் காற்றுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் மட்டும் சூடாக இருப்பது தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோன்ற சூடு. அந்த வாடை. துரை எழுந்து சேலையின் ஓரத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது.

நாகஜோதி கையைக் கட்டிக்கொண்டாள்.

முதுகில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன.

ஜாக்கெட்டைத் தாண்டிச் சுட்டன. மெதுவாக மேலே ஏறின. தோள்பட்டையில் ஊன்றின. பின்னால் கால்விரல் நகங்கள் டைல்ஸில் சறுக்கிக் கிறீச்சிட்டன. முழு ஆளின் பாரமும் அவள் மேல் சாய்ந்தது.

பார்க்கக் கூடாது. பேசக் கூடாது.

கொண்டை அவிழ்ந்தது. முடி பின்னுக்கு இழுபட்டது. காதோரம் சூடான மூச்சு. ச்சு. ச்சு. ச்சு. கன்னத்தில் ஈரமாக ஏதோ பட்டது. நாக்கா, விரலா? அவள் கண்ணை இறுக்கி மூடினாள். நகம் தோலைக் கீறியது. மறுபடி கீறியது. ஆழமாக.

விடுவதற்கு முன்னால் ஒருக்கா மூர்க்கம். அதுதான் இது. அவ்வளவுதான்.

அவளைத் தாங்கிப் பிடித்தது தைரியமில்லை. பொறாமை. திரும்பினால் இவள் ஜெயித்துவிடுவாள். திரும்ப மாட்டேன். இது என் வீடு. செத்தாலும் திரும்ப மாட்டேன்.

பாரம் இறங்கியது.

சட்டென்று. ஒன்றுமே இல்லை. சூடு இல்லை, வாடை இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

கரண்ட் வந்தது. கூடம் வெளிச்சமாகக் காலியாகக் கிடந்தது. முதுகில் ரத்தம் கோடாக இறங்குவது தெரிந்தும் நாகஜோதி சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது. போய்விட்டாள். பழக்கம் விட்டுப்போய்விட்டது. இனி இந்த வீட்டில் அவளும் அவள் புருஷனும்தான்.

வாசலில் பைக் நின்றது. அழகுபாண்டி நனைந்துபோய் உள்ளே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து செருப்பைக் கழற்றினான். “ஏங்க,” என்று ஓடப்போனவள் நின்றாள்.

அவன் தோள்களில் இரண்டு கைகள் இருந்தன.

மெலிந்த, காய்ச்சலில் வற்றிய கைகள். பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் அவன் முதுகில் தொங்கினாள் சுபலட்சுமி. கன்னத்தை அவன் பிடரியில் சாய்த்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவை நாகஜோதியின் பக்கமே வரவில்லை.

அவன் கத்தவில்லை. திடுக்கிடக்கூட இல்லை. கிரீஸ் படிந்த கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய், அந்த விரல்களை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

“போதும், போதும். எறங்குடி. அதான் வந்துட்டேன்ல.”

அந்தக் குரல். மெத்தென்று.

“ஏங்க!”

அவன் திரும்பவில்லை.

“ஏங்க, இங்க பாருங்க! என்னையப் பாருங்க!”

அவள் கத்தினாள். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் பார்க்கவில்லை, பேசவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்றான். பிறகு சுமையைச் சரியாக ஏற்றிக்கொள்பவன்போல லேசாகக் குனிந்து நிமிர்ந்து, அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவன் சன்னமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது.

கூடத்து மூலையில் துரை உட்கார்ந்திருந்தது. நாலு காலும் தரையில். அறையின் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, பிஸ்கட்டுக்காக நாகஜோதியின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.