பாத்துத்தான் சொல்லுதா?

செவ்வாய்க் கோளிலுள்ள செங்கோள் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, வெளிக்கதவின் முன் நின்று, "இன்னைக்கு வெளியே போனா எனக்கு மூச்சு இருக்குமா?" என்று கேட்பது. காதுக்குப் பின்னால் பதித்த செவிமணி அந்தக் கேள்வியை உறவுப்பெட்டகம் என்ற தகவல் கணினிக்கு அனுப்பும். ஆளின் விவரம் ஓர் அட்டவணையில், அவர் உடுப்பு இன்னொன்றில், உடுப்பில் மிச்சமிருக்கும் காற்று வேறொன்றில் இருக்கும். இவற்றின் உறவைத் தேடிப் பிடித்துப் பெட்டகம் "போகலாம்" என்றால்தான் கதவு திறக்கும்.

கொஞ்ச காலமாக, அது பதில் சொல்வதற்குள் வரிசையில் நிற்பவர்கள் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிட முடிந்தது.

அதைச் சீராக்க வந்தவள் தங்கபுஷ்பம். அவள் கணவனுக்கு அங்கே குடியுரிமை உண்டு, அவளுக்கு இல்லை. பெட்டகத்தைச் சரிசெய்தால் தங்கலாம், இல்லாவிட்டால் பூமிக்குத் திரும்பும் கப்பலில் ஏற வேண்டியதுதான் என்று குடியேற்ற அதிகாரி மரியசூசை சொல்லிவிட்டார். "நான் ஏறமாட்டேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள்.

பெட்டகத்தின் உள்புறம், விற்றுப் பழகாதவன் பரப்பிய கடை மாதிரிக் கிடந்தது. ஒரு உடுப்பைத் தேட எல்லா உடுப்பையும் புரட்டியது. புஷ்பம் ஒவ்வொரு அட்டவணைக்கும் இன்டெக்ஸ் போட்டாள், அதாவது எது எந்த மூலையில் இருக்கிறது என்று குறித்துவைத்தாள். அடிக்கடி கேட்கும் சரக்கை நினைவகத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள். யாரும் தொடாததைப் பின்னுக்குத் தள்ளினாள். பதில் இப்போது கண் இமைப்பதற்குள் வந்தது.

மறுநாள் பெட்டகம் முன்னைவிட மோசமாகத் திணறியது. ஆட்கள் அதே ஆட்கள்தாம், ஆனால் கேள்விகள் பல மடங்கு பெருகியிருந்தன. நினைவகத்தைக் கூட்டினாள். கேள்விகளும் கூடின. சரி, வாங்குகிறவன் முகத்தைப் பார்க்காமல் வியாபாரம் நடக்காது என்று கதவடிக்கே போய் நின்றாள்.

கல் வியாபாரி செல்லக்கனி கேட்டார். "போகலாம்" என்றது. அவர் நகரவில்லை. மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார்.

"அண்ணாச்சி, அதான் போலாம்னு சொல்லிட்டுல்லா?"

"சொல்லிட்டு தாயி. நான் வாய மூடல, அதுக்குள்ள சொல்லிட்டு. பாத்துத்தான் சொல்லுதா? கடைக்காரன் யோசிக்காம பட்டுன்னு ஒரு வெல சொன்னா நீ வாங்கிருவியா?"

பின்னால் நின்ற பெண் ஒத்து ஊதினாள். "முன்னாடி லேட்டானாலும் தேடிப் பாத்துச் சொல்லும்க்கா. எவளோ பூமிலேருந்து வந்து என்னமோ பண்ணித் தொலைச்சிருக்கா."

அந்த 'எவளோ' தான்தான் என்று புஷ்பம் காட்டிக்கொள்ளவில்லை. நேராகப் போய்ச் செவிமணியில் ஒரே ஒரு மாற்றம் செய்தாள். பதில் உடனே தயாராகிவிடும், ஆனால் அதைச் சொல்லுமுன் செவிமணி, "இருங்க, உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லும். தொண்டையைச் செருமும் நேரம் சும்மா இருக்கும். பிறகு, "பாத்துட்டேன், போலாம்."

செல்லக்கனி தலையாட்டிவிட்டு வெளியே போனார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. பெட்டகம் பாதி நேரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

மரியசூசை அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "வேகம் பிரமாதம்மா. நீங்க இங்கயே தங்கலாம்" என்றார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

புஷ்பம் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. "கப்பல்ல என் பேர எடுத்தாச்சா? பின்னாடி வேற யாரும் ஒண்ணும் சொல்லிர மாட்டாங்கள்ல?"

மரியசூசை அவள் முகத்தைப் பார்த்தார். பல வருஷமாக அதிகாரி நாற்காலியில் இருப்பவர்.

"சரி, மேலிடத்துல ஒரு தடவ கலந்துக்கிடுதேன்" என்று அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும்தான் இருந்தது. நிதானமாகக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"தங்கலாம்மா."

அதன்பிறகுதான் புஷ்பம் கணவனுக்குச் செய்தி சொன்னாள்:

"நல்லா விசாரிச்சுட்டுத்தான் சொல்லிருக்காங்க."