கால் நனைக்காதவர்கள்

முத்துக்கழிச் சரணாலயக் கடற்கரையில் நின்ற பூநாரைகளை நோக்கிச் சிதம்பரதாணு உயிர்மானியை நீட்டினார். உயிருள்ள பறவை என்றால் அதன் நெஞ்சுத் துடிப்பை வாங்கி ‘டிக் டிக்’ என்னும். பொறிப்பறவை என்றால் வாய் திறக்காது. நாட்டின் பாதிச் சரணாலயங்களில் பேட்டரி போட்ட கொக்குகள்தான் ஒற்றைக்காலில் நின்றன. அவற்றைப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே இருந்தது இயற்கை மெய்ம்மைக் கழகம். ‘நேரில் கண்டதே நிஜம்’ என்பது அதன் முழக்கம். முத்துக்கழியும் மோசடிதான், நிரூபிக்காவிட்டால் தலைவர் பதவியை விடுகிறேன் என்று மேடையில் கர்ஜித்துவிட்டு வந்திருந்தார் சிதம்பரதாணு.

கருவி ‘டிக் டிக்’ என்றது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. மணலில் ஓடிய நண்டிடம் கருவியைக் காட்டினார். அதற்கும் டிக்.

“எல்லாத்துக்கும் உசிரு இருக்கு போலயே, அண்ணாச்சி” என்றார் செயலாளர் இசக்கியப்பன்.

“கருவியில கோளாறா இருக்கும்வே.” சோதித்துப் பார்க்க அதை இசக்கியப்பன் மார்பிலேயே வைத்தார். சத்தமே இல்லை. “பாத்தீரா, உம்மையே பொணம்ங்குது.”

இசக்கியப்பன் கருவியை விலக்கிவிட்டு அலைக்கு எட்டாமல் தள்ளி நின்றார்.

அப்போதுதான் தலைவருக்கு வேறொன்று உறுத்தியது. கரை நெடுகக் கூட்டம். ஒருவர் காலும் நனையவில்லை. அலை வரும்போதெல்லாம் குடும்பம் குடும்பமாக ஒதுங்கினார்கள். கடலுக்கு வந்து கால் நனைக்காமல் திரும்பும் சனத்தை அவர் கண்டதே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“வாரும்வே.”

“உப்புத்தண்ணி ஆகாது, அண்ணாச்சி.”

“யாருக்கு?”

“வாடகைக்கு எடுத்தது. துரு புடிச்சிரும்.”

உண்மையில் இசக்கியப்பன் தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இங்கே நடமாடியது அவர் அங்கிருந்து இயக்கிய இயந்திரப் பதிலுடல். “செயற்குழு மொத்தமும் இப்படித்தான் வருது. வெயில்லா.”

தலைவர் ஆத்திரத்தில் காலை உதற, பூநாரைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. வனக்காவலர் ஜெபமணி ஓடிவந்தார்.

“சார், நேர்லயா வந்திருக்கீங்க? இதுகளுக்கு மனுச வாடை பழக்கமில்ல. வாசல்ல பதிலுடல் குடுப்பாங்க, அதுல வாங்க.”

“நான் மெய்ம்மைக் கழகத் தலைவர்.”

“உங்க கழகத்து ஆளுங்க ரொம்ப நல்லவங்க சார். இதுவரைக்கும் ஒருத்தர்கூட நேர்ல வந்து தொந்தரவு பண்ணினதில்ல.”

வாசலில் குளிரூட்டிய அறை. தலைக்கவசத்தை மாட்டிச் சாய்ந்ததும் தலைவர் மறுபடியும் கரையில் நின்றார், வேறு உடலில். பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கின.

“அறிக்கைக்கு என்ன செய்ய, அண்ணாச்சி? மோசடின்னு குடுத்தாத்தான் பதவி நிக்கும்” என்றார் இசக்கியப்பன்.

“மோசடின்னே குடும். ஆளுகள்ல இல்ல, பறவையிலதான்னு எழுதும்.”

பூநாரை ஒன்று அவர் காலருகே வந்து நின்றது. அலை ஏறி வந்தது. பறவை நின்ற இடத்திலேயே நின்றது. தலைவர் அவசரமாக ஒதுங்கிக்கொண்டார்.