பையில் இல்லாத உறுதி

மாலை 5.40. புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்த ஜவாஹிர் பையைக் கவிழ்த்தார். சாரம், தண்ணீர்ப் போத்தல், தொப்பி. காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் காணோம்.

“அல்லாஹ்வே! நாளைக்குக் காணி வாங்குற ஆள் வாறார்!” மகள் றைஸா தலையில் கைவைத்தாள். தொண்ணூறில் ஊரோடு விரட்டப்பட்டபோது விட்டுவந்த மன்னார்க் காணி அது. யுத்தம் முடிந்து இரண்டு வருடம். அதை விற்று, கூரையில்லாமல் நிற்கும் இந்த வீட்டைக் கட்டி முடிப்பதென்று அவள்தான் தீர்மானித்திருந்தாள். எல்லையைச் சரிபார்க்கக் காலையில் உறுதியோடு போனவர்கள் ஜவாஹிரும் மருமகன் அஸ்மினும்.

6.15. பக்கத்து வீட்டு லோறன்ஸ் வந்தார். ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன். விசாரணை என்றால் மனுஷனுக்குத் தேத்தண்ணீகூட வேண்டாம்.

“பஸ்ஸில பக்கத்தில ஆர் இருந்த?”

“ஒருத்தர் எலுவன்குளத்தில இறங்கினார். அவர்தான் எடுத்திருப்பார்,” என்றான் அஸ்மின்.

“கையில என்ன வச்சிருந்தார்?”

“கைக்குழந்த. ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டே வந்தார்.”

“அப்ப எந்தக் கையால எடுத்த? சரி, ஊரில எங்கெங்க போனீங்க?”

“காணிக்கு. பிறகு பள்ளிக்கு. ஜமாஅத் முடிஞ்சிருந்திச்சு, தனித்தனியாத் தொழுதோம். நான் பகல் தொழுகை ளுஹரைச் சுருக்கி ரெண்டு றக்அத்தோட வந்துட்டன். மாமா நாலும் தொழுதிட்டு வாறார்! பிரயாணிக்கு ரெண்டு போதும் எண்டதையே மறந்துட்டீங்களா எண்டு சிரிச்சன்.”

லோறன்ஸ் வேதக்காரர், கிறிஸ்தவர்; தொழுகை விசயம் கேட்டால்தான் தெரியும். “ஆர் நாலும் தொழுற?”

“அந்த ஊரில இருக்கிற ஆள்...” அஸ்மின் சட்டென்று மாமாவைப் பார்த்தான்.

“சின்ன வயசில இருந்து தொழுற மனுஷனுக்கு றக்அத் பிழைக்குமா? நீங்க மறதி எண்டு சிரிச்சீங்க. அவர் அங்க பிரயாணியா நிக்கல்ல. உறுதியை ஆரும் எடுக்கல்ல. ஜவாஹிர் நாநா, நீங்கதான் அங்க வச்சிட்டு வந்த.”

ஜவாஹிர் மகள் பக்கம் திரும்பினார். “பாங்கு சொல்ற மோதினார்ட கையில குடுத்தன். விக்கோணும் எண்டுதான் நானும் போன, மகள். அந்தப் பள்ளிக்குள்ள நிண்டதும் ரெண்டில ஸலாம் குடுத்து முடிக்க ஏலாமப் போச்சு. நான் அங்க போகோணும். ஏங்கி ஏங்கியே செத்துருவன்.”

மூன்று வயதில் இங்கே வந்தவள் றைஸா. அந்த ஊரின் ஒரு மரம்கூட அவளுக்கு ஞாபகமில்லை. கோபம் வந்தது. வாப்பா சாரத்தையும் தொப்பியையும் மறுபடி பைக்குள் வைப்பதைப் பார்த்தாள்.

6.50. ஃபோனை எடுத்துக் காணி வாங்குகிறவரை அழைத்தாள்.

“நாளைக்கு வரவேணாம். எங்கட வாப்பா அங்க குடியிருக்கப் போறார்.”