வேண்டாதவர்

கணவனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளின் மூக்குக்கு நேரே கைபேசியை நீட்டினாள் மாமியார்.

"பால்காரர் போட்டிருக்கார், பாய்லர்காரர் போட்டிருக்கார். கட்டின பொண்டாட்டி, உன் பேர் எங்கடி?"

மருமகள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். வலது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

கணவன் பின்கட்டுக் கொட்டகையில் ஒரு சூளை செய்திருந்தான். பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தால் செங்கற்களைக் கனலாக்கி, அந்தச் சூட்டில் சாயப்பட்டறைக்கு நீராவி தருவது. விறகு வேண்டாம், புகை இல்லை. வங்கிகள் கைவிரித்ததும், ஆளுக்குக் கொஞ்சம் போடும்படி ஊரைக் கேட்டு இணையத்தில் ஒரு பக்கம் திறந்தான். கேட்ட தொகை நேற்றுத்தான் நிறைந்தது. இன்று மதியம் பக்கம் மூடிவிடும். அதற்குள் குறைந்தால் அத்தனையும் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும்.

மாமியாருக்கு இன்னொரு குறையும் இருந்தது. பட்டியலில் 'வேண்டாதவர்' என்று இரண்டு பேர். பங்காளிகளின் வேலைதான் என்று முடிவுகட்டி, மகனைக் கூப்பிட்டு, இரண்டையும் இப்போதே திருப்பி அனுப்பச் சொன்னாள்.

அவன் வாங்கிப் பார்த்தான். "அம்மா, அது 'பெயர் வேண்டாதவர்'. நீ எழுத்தைப் பெரிசாக்கினதுல 'பெயர்' மேல போய் படத்துக்குப் பின்னால ஒளிஞ்சுகிச்சு. பேர் போட வேண்டாம்னு சொன்னவங்க."

"பேரை மறைக்கிறவன் வேண்டாதவன்தானே? அவன் காசுல அடுப்பு மூட்டினா விளங்குமா?"

எடுத்தால் தொகை குறையும் என்றான். அவள் விடவில்லை. எது சரி என்று தெரியாமல் தலையைச் சொறிந்தவன், கடைசியில் யாரென்றாவது பார்ப்போம் என்று அம்மாவின் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதில் விவரத்தைத் திறக்கப்போனான்.

"வேண்டாங்க..." என்றாள் மனைவி.

அதற்குள் முதல் எண் வந்துவிட்டது. அவன் நிமிர்ந்தான்.

"இது உன் நம்பராச்சே. அப்போ முழங்கால் ஆபரேஷனுக்கு வச்சிருந்த காசு?"

டாக்டர் அவசரமில்லை என்றாராம்... அவள் சொன்னதை இருவருமே நம்பவில்லை. நிற்கமுடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். "அப்போ... அந்த இன்னொருத்தன் யாரு?"

மகன் திரையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான்.

"உன் கையில இருக்கிற போன் நம்பர்தாம்மா."

அவள் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன் கடைப் பொண்ணுகிட்ட காசைப் போடச் சொல்லி, பேர் வேண்டாம்னுதான் சொன்னேன்," என்று முனகினாள் மாமியார். "அதுக்கு வேண்டாதவள்னா போடுவா?"

பல் செட்டுக்கு வைத்திருந்ததையா போட்டீர்கள் என்று கேட்டாள் மருமகள்.

"பல் இல்லாமலே இத்தனை பேச்சு பேசறேன். பல் வேற எதுக்குடி எனக்கு?"

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, மருமகளின் காலை மடியில் இழுத்து வைத்து, முழங்காலைப் பிடித்துவிட்டாள். கண்ணீர் புடவையில் சொட்டியது.

அது இடது கால். வலி வலது காலில்.

மருமகள் அதைச் சொல்லவில்லை.