ஜெரினுக்கு மட்டும் கொடுத்த முகவரி

பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மெயில் வந்து விழுந்தது. ஜெஸ்லினின் விரல் தப்பான எழுத்தில் பட்டது.

‘உங்கள் பார்சலை ஒப்படைக்க முடியவில்லை. கதவு மூடியிருக்கிறது. திறக்க இங்கே அழுத்தவும்.’

மோசடிதான். திருத்தங்கல் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சரான அவளுக்கு இது தெரியாதா? ஆன்லைனில் எதை வாங்கினாலும் கடைக்கு ஒரு மெயில் முகவரி கொடுப்பவள் அவள். புடவைக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று. எந்த முகவரிக்குக் குப்பை வந்து கொட்டுகிறதோ, அந்தக் கடைக்காரன்தான் அவளை விற்றவன். அன்றே அந்த முகவரியை மூடிவிடுவாள். வீட்டுப் பாத்திரத்தைவிட இவளுக்கு மெயில் ஐடி அதிகம் என்று புருஷன் ஜெரின் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் இந்த முகவரியை அவள் எந்தக் கடைக்கும் கொடுத்ததில்லை. கண்ட லிங்கையும் அழுத்துகிற புருஷனுக்காக உண்டாக்கியது. சந்தேகமாக எது வந்தாலும் தொடாமல் இதற்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அவன் போனில் அவளே ஏற்றிவைத்தாள். வேறு யாருக்கும் தெரியாது.

நாரணாபுரம் பட்டாசு ஆலை வெடித்ததில் ஜெரின் போய்விட்டான். துணியால் இறுகச் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க அவள் கெஞ்சினாள். வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடக்கம் முடிந்த மாலையே மெயில்கள் தொடங்கின. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே செய்தாள். திறக்கவில்லை. அழித்தாள். வர வர அழித்தாள்.

வெளியே தூறல். ஈரமண் வாசத்தோடு, ஜெரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற வெடிமருந்தின் கந்தக நெடியும் ஜன்னல் வழியே மெல்ல உள்ளே வந்து, துவைத்து மடித்துவைத்த துணிகளின் மேல் படிந்து, அவள் தொண்டைக்குள் இறங்கியது. லேப்டாப் விசிறி இரைந்தது. நின்றது.

‘இங்கே வெளிச்சம் இல்லை.’

இந்த மெயிலில் பார்சல் இல்லை. லிங்க் இல்லை.

நாத்தனார் ஆரோக்கியத்துக்குப் போன் போட்டு, நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள்.

“எவனோ அவன் போனை அமுக்கிட்டாம்ளா,” என்றாள் ஆரோக்கியம். “வேலைக்குப் போறவுக கேட்டுல பெட்டிக்குள்ள போனைப் போட்டுட்டுத்தான உள்ள போவாக? அந்த வாட்ச்மேனைக் கேட்டியா?”

“பெட்டியில பத்திரமா இருந்துச்சு மதினி. அன்னைக்கே எங்கிட்ட குடுத்துட்டாக.”

“பெறகென்ன? இப்ப எங்கன வச்சிருக்க?”

திரையில் இன்னொன்று.

‘ஜெஸ். அழிக்காத.’

கீழே ஒரு படம்.

அவள் அதுவரை ஒரு படத்தைக்கூட அப்படித் திறந்ததில்லை. திறந்தாள்.

போன் வெளிச்சத்தில் எடுத்தது. வெள்ளைத் துணி. கிழிந்திருந்தது. அதற்கு மேலே, மூக்கை இடிக்கும் தூரத்தில், ஒரு மரப்பலகை. பலகை முழுக்க நகக் கீறல். சில கீறல்களில் ஈரம்.

“ஏளா, போன் எங்கன இருக்குன்னு கேக்கேன்.”

“சவப்பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி,” என்றாள் ஜெஸ்லின், “நாந்தான் மதினி துணிய விலக்கி அவுக கையில வச்சு விட்டேன்.”