டார்ச் பிடிக்க ஓர் ஆள்

காலை எட்டேகால் மணிக்குக் கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறையைத் தாண்டி உள்ளே ஓடினாள். அவள் கணவர் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார். அவருடைய பழைய ரேஸ் வண்டி அவர் காலின்மேல் சாய்ந்து கிடந்தது. தலைக்கு அடியில் ரத்தம். தெருப்பக்கம் பாதி தூக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே அவளுடைய தம்பி குனிந்தபடி நின்றிருந்தான்.

"நீதானேடா தள்ளினே?" என்றாள் அவள்.

அவன் வண்டியைத் தூக்குவதில்தான் இருந்தான்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆமை என்று பெயர். அது அவருக்கும் தெரியும். மற்றவர்கள் முடித்துவிட்டுப் போன இடத்தில் நிதானமாக உட்கார்ந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. அதனால் அந்தப் பெயரைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

உடன் வந்த ஏட்டுக்கு அந்தச் சுகமெல்லாம் கிடையாது. "மேடம், இதுல யோசிக்க என்ன இருக்கு? காலையில ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கு. அக்காவே தம்பி பேரைச் சொல்றாங்க. எழுதிடலாமா?"

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?"

"கால் முறிஞ்சிருக்கு. தலையில அடி. இன்னும் கண் திறக்கலை. ஏதாவது ஆயிடுச்சுன்னா கொலைக் கேஸ்தான்."

"அப்ப அவசரப்படக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

கொட்டகை சுத்தமாக இருந்தது. வண்டியை இப்போது சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உத்தரத்திலிருந்து, வண்டியைத் தூக்கிக் கட்டுவதற்கான சங்கிலிக் கப்பி தொங்கியது. மூலையில் ஒரு கூடை நிறையத் தையல் வெட்டுத் துணிகள். கை துடைக்கவும் எண்ணெய் துடைக்கவும் எல்லாவற்றுக்கும் அவைதான். அலமாரியில் ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல் வாத்தியார் கையெழுத்தில் 'பழசு' என்று இருந்தது. ஆமாம், அடிபட்டவர் கணக்கு வாத்தியார். ஸ்குரூ டப்பாவுக்குக்கூடத் தலைப்பு எழுதுகிற ஆள்.

வண்டி விழுந்த இடத்தருகே ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் காலில் ஒரு டார்ச் துணிப்பட்டையால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பேனர்.

"வண்டி எந்தப் பக்கம் விழுந்திருந்தது?"

"வலது பக்கம் மேடம். சைடு ஸ்டாண்டு போட்டபடியே இருந்துச்சு. ஸ்டாண்டு இடது பக்கம். அந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிற வண்டி வலது பக்கம் தானா விழுமா? யாராவது தள்ளணும்" என்றார் ஏட்டு. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

தம்பிக்காரன் வாசலில் உட்கார்ந்திருந்தான். எலக்ட்ரீஷியன். நெற்றியில் பட்டை போட்டு மாட்டும் விளக்கு அப்படியே இருந்தது.

"நெத்தியில என்ன?"

தடவிப் பார்த்துக்கொண்டான். "வேலைக்குப் போற வழியில வந்தேன் மேடம். கழட்ட மறந்துடும். இதோடயே ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கேன்."

"என்ன சண்டை?"

"மாமா ஞாயித்துக்கிழமை ரேஸ் டிராக்ல வண்டி ஓட்டப் போறார். வேணாம்னேன். அக்கா தூங்கறதே இல்லை, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னேன். 'மாப்ளே, உன் வேலையைப் பாரு'ன்னார். கோபத்துல நான்தான் கத்தினேன்."

"அப்புறம்?"

"வெளியே போயிட்டேன். நாலு வீடு தாண்டலை, சத்தம் கேட்டுது. திரும்பி ஓடி வந்தேன்." அக்கா இருந்த பக்கம் பார்த்தான். "அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டேங்குது மேடம். ஜெயில்னாகூடப் பரவாயில்லை."

தையல்காரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கூடையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"வண்டி வேலையில நீங்களும் கூட இருப்பீங்களா?"

"டார்ச் பிடிப்பேன், அவ்வளவுதான். இங்க காட்டு, அங்க காட்டும்பார். ஒரு வருஷமா எங்க சாயங்காலமெல்லாம் அதுதான். நான் வந்து நின்னாத்தான் ஸ்பேனரையே கையில எடுப்பார்."

"நேத்து?"

"நேத்து ஸ்கூல்ல கூட்டம். வர்றப்பவே நேரமாயிடுச்சு. கொட்டகைப் பக்கமே போகலை."

"வேற யாராவது உள்ளே போயிருக்க முடியுமா?"

"ஷட்டர் சாவி அவர்கிட்ட இருக்கு. உள்கதவு வழியா போறதுன்னா என் மெஷினைத் தாண்டித்தான் போகணும். ஒரு ஈ கூடப் போகலை."

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு மறுபடி வண்டியிடம் வந்து குந்தினார். ஸ்டாண்டின் அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. பற்றவைத்த தழும்பு புதிது. எதிர்வீட்டிலேயே வெல்டிங் கடை. தெருவைக் கடந்தார்.

"நான்தான் வெச்சுக் குடுத்தேன்" என்றார் வெல்டர். "வாத்தியாருக்கு அந்த வண்டி மேல உசுரு. ஆனா பழைய வண்டி பாருங்க, பிரேக் பிடிச்சா மூக்கு குத்திக்கிட்டு இறங்கும். வளைவுல திருப்பினா யோசிச்சு யோசிச்சுத் திரும்பும். முன்னாடி ஃபோர்க்குல கெட்டியான ஸ்பிரிங் போட்டார், ஆயிலையும் மாத்தினார். மூக்கு இறங்கறது நின்னுது. அப்புறம் பின்னாடி ஒரு விரல்கடை நீளம் கூடின ஷாக் அப்சர்பர் போட்டார். பின்பக்கம் தூக்கினா சட்டுனு திரும்புமாம். நிஜமாவே திரும்பிச்சு, நானே ஓட்டிப் பார்த்தேன்."

"தகடு எதுக்கு?"

"வண்டி உசந்துடுச்சு, ஸ்டாண்டு பழைய நீளம்தானே? ஒரேடியா சாஞ்சு நின்னுது. தள்ளிக்கிட்டு வந்தார், அடியில தகடு வெச்சேன். சரியா நின்னுது."

"வீட்டம்மாவும் வந்தாங்களா?"

"அன்னிக்கு அவங்க துணி எடுக்கப் போயிருந்தாங்க. நல்லவேளை. இல்லேன்னா என் கண்ணுக்கு நேரா டார்ச் அடிச்சிருப்பாங்க" என்று சிரித்தார் வெல்டர்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கொட்டகைக்குத் திரும்பியதும் 'பழசு' பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே தலையணை உறைக்குள் ஒரு ஷாக் அப்சர்பர் இருந்தது. பழசு என்றால் கீறல் வேண்டும், துரு வேண்டும், சேறு காய்ந்த தடம் வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. அவர் அதை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏட்டு இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

"எல்லாரையும் கூப்பிடுங்க" என்றார் கடைசியில்.

அக்காவும் தம்பியும் வந்து, ஆளுக்கொரு சுவரோரம் நின்றார்கள்.

"ஏட்டு, வண்டியை நடுவுல கொண்டுவந்து ஸ்டாண்டு போடுங்க. அப்புறம் வலது பக்கம் வந்து தயாரா நில்லுங்க."

ஸ்டாண்டு போட்டதும் வண்டி நின்றது. சாய்ந்து நிற்கவேண்டிய வண்டி, நிமிர்ந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் வந்து ஒரு விரலால் சீட்டை மெல்லத் தொட்டார். வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏட்டின் மேல் சாய்ந்தது. ஏட்டு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திணறினார்.

"யாரும் தள்ளலை" என்றார் இன்ஸ்பெக்டர். "பின்பக்கம் உயரமா இருந்தவரைக்கும் அந்தத் தகடு சரி. இப்ப பின்பக்கம் இறங்கியிருக்கு. நீள ஷாக்கைக் கழட்டிப் பெட்டியில வெச்சுட்டு, பழசை மறுபடி மாட்டியிருக்காங்க. உயரம் போயிடுச்சு, தகடு மட்டும் மிச்சம். ஸ்டாண்டு இப்ப அளவுக்கு மீறின நீளம், அதான் வண்டி சாயாம நிக்குது. வாத்தியார் வலது பக்கம் உட்கார்ந்து ஸ்பேனர் வெச்சு இழுத்திருக்கார். வண்டி அவர் மேலயே வந்துடுச்சு."

"யாரு மேடம் மாத்தினது?" என்று தம்பி கேட்டான்.

"அதைத்தான் இந்த டார்ச் சொல்லுது." முக்காலியை நிமிர்த்திப் போட்டார். டார்ச்சின் முகம் அண்ணாந்து, சரியாகப் பின் ஷாக்கின் போல்ட்டைப் பார்த்தது. "வாத்தியார் செஞ்சிருந்தா இதைக் கட்டவே வேண்டாம், பிடிக்க ஆள் உண்டு. நீங்க செஞ்சிருந்தாலும் வேண்டாம். விளக்கு உங்க நெத்தியிலேயே இருக்கு. இதைக் கட்டினவங்களுக்கு டார்ச் பிடிக்க ஆள் இல்லை. ஏன்னா, வழக்கமாப் பிடிக்கிற ஆளே அவங்கதான்."

தையல்காரி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒரு வருஷம் டார்ச் பிடிச்சவங்களுக்கு எந்த போல்ட் எங்க இருக்குன்னு தெரியாம இருக்குமா?" இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்திருந்தது. "எல்லாம் தெரியும். ஒண்ணே ஒண்ணு தெரியாது. தகடு வெச்ச அன்னிக்கு நீங்க துணி எடுக்கப் போயிருந்தீங்க."

தையல்காரி சுவரை விட்டு வண்டியருகே வந்தாள்.

"வண்டி மந்தமா இருந்தவரைக்கும் அவர் ஒழுங்கா வீடு வந்து சேர்ந்துட்டிருந்தார் மேடம்" என்றாள் அவள். "நல்லாத் திரும்புதுன்னு ஆனதும்தான் டிராக்குன்னு ஆரம்பிச்சார். வேணாம்னு சொன்னா முகம் விழுந்துடும். பழசை மாட்டிட்டா, ஓட்டிப் பார்த்துட்டு அவரே சலிச்சுப் போய் விட்டுடுவார்னு நினைச்சேன். நேத்து பகல் பூரா உக்காந்து மாட்டினேன்." அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் மேடம் செஞ்சேன்."

பிறகுதான் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உன்னைப் போய் சொல்லிட்டேனேடா" என்று அழுதாள். அவன் கீழே இருந்த கூடையை எடுத்துக்கொண்டு, "வாக்கா, போலாம். மாமா தனியா இருப்பார்" என்றான்.

மதியம் வாத்தியார் கண் விழித்தார். வாக்குமூலம் வாங்க இன்ஸ்பெக்டர் கட்டிலருகே நின்றார்.

"யாரும் தள்ளலைங்க" என்றார் வாத்தியார், கேட்பதற்கு முன்பே. "என் கவனக்குறைவு. வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை."

"தெரியும் சார். வண்டி நிமிர்ந்து நின்னதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஏன்னு பார்க்கத்தான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்." அவர் கண்கள் இன்ஸ்பெக்டரைத் தாண்டி, வாசலில் தயங்கி நின்ற மனைவியிடம் போயின. "காலில் ஏதோ இடிச்சுது. குனிஞ்சு பார்த்தா டார்ச் கட்டியிருக்கு. புரிஞ்சுபோச்சு."

அவள் அருகில் வந்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வழக்கம்போல் மெதுவாகத்தான் நடந்தார், அதனால் வாத்தியார் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"அவ்வளவு பயமா இருந்தா சொல்லியிருக்கலாமே. தனியா உக்காந்து கழட்டியிருக்கே. என்னைக் கூப்பிட்டிருந்தா நான் டார்ச் பிடிச்சிருப்பேனே."