கழுத்துக்குள் சிவப்பு!

"ஐயோ... கொலை! கொலை!"

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஊர் எல்லையில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பே அதிர்ந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மூன்றாம் நம்பர் மேடையில் என்ஜினியர் கிருஷ்ணமூர்த்தி மல்லாந்து கிடந்தார்!

ஜசிந்தா ஓடி வந்தாள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். உத்தியோகம், குற்றப்பிரிவு போலீஸ். லீவு நாளில் இங்கே சுட வருவாள். லீவு கெட்டது!

"அண்ணை! எங்க வெடி பட்டது?"

"எனக்கு இல்ல மேடம்... அதோ!"

அவர் காட்டியது தன் இலக்கு அட்டையை. அதில் ஐந்து ஓட்டைகள். பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகளாக ஆளுக்கொரு மூலையில்!

"இதுக்கோ இப்பிடிக் கத்தினியள்?"

"போன சனிக்கிழமை அஞ்சும் ஒரே ஓட்டையில போச்சு மேடம்! நாளைக்கு ஃபைனல். நாலு வருஷமா எனக்குக் கடைசி இடம். இந்தத் தடவையும் தோத்தா, நான் தோட்டா தயாரிக்கிற மேஜையைத் தூக்கிட்டு அந்த இடத்துல கிரைண்டர் வெப்பேன்னு என் ஒய்ஃப் சொல்லிட்டா!"

அந்த மனைவி சந்திரா, எலுமிச்சை சாத டப்பாவோடு பக்கத்திலேயே நின்றாள். முகத்தில் சலனமே இல்லை.

"ஆரிலயும் சந்தேகமோ?"

"சுதீர்!"

நாலு வருட சாம்பியன் சுதீர் வேர்க்கடலை கொறித்தபடி வந்தான்.

"சார், கடைசி இடத்துல இருக்கிற உங்களை நான் எதுக்கு சார் கவுக்கணும்?"

கிருஷ்ணமூர்த்தி பல்லைக் கடித்தார்.

"தோட்டாவோட பித்தளைக் கூட்டுக் கழுத்து, புல்லட்டை எவ்வளவு இறுக்கமாப் பிடிக்குதுங்கறதுதான் மேடம் எல்லாமே! அதை முடிவு பண்றது ஒரு சின்ன ரிங். மூணு மாசமா ஏழு ரிங் போட்டுப் பார்த்தேன். ஆறும் சொதப்பல். ஏழாவதுலதான் அந்த அதிசயம்! நேத்தும் அதே ரிங்லதான் பண்ணேன். நடுவுல இவன் டீ குடிக்க வந்தான்... மாத்திட்டான்!"

ஜசிந்தா அவர் பையைக் குடைந்து ரிங்கை எடுத்தாள். நம்பரைப் பார்த்தாள்.

"இது நீங்கள் சொன்ன ரிங்தானே அண்ணை?"

"ஆ... ஆமா!"

சுடாத ஆறரை மில்லிமீட்டர் தோட்டா ஒன்றை எடுத்து, கருவியில் போட்டுப் புல்லட்டை உருவினாள். வெடிமருந்தைக் கொட்டிவிட்டுக் கழுத்துக்குள் டார்ச் அடித்தாள்.

உள்ளே... சிவப்பு!

"ரத்தம்!" இப்போது அலறியது சுதீர்.

ஜசிந்தா ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தாள். மெல்லத் திரும்பினாள்.

"ரத்தம் சந்தனம் மாதிரி மணக்காது... அக்கா, வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

சந்திரா டப்பாவைக் கீழே வைத்தாள்.

"ஆயுத பூஜை... லேப்டாப், கார், குக்கர்னு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். ஆயுதத்தை மட்டும் விட முடியுமா? வெளியில வெச்சா இவர் திட்டுவார். அதான் காலிக் கூட்டுல தீக்குச்சியால உள்பக்கமா... நூத்துக்கும்!"

"அடிப்பாவி!"

"புல்லட்டைக் கூட்டுக்குள்ள அழுத்தேக்க லீவர் இறுகியிருக்குமே அண்ணை?"

"இருந்துச்சு மேடம்... நம்பர் சரியா இருந்ததால கையை நம்பல."

என்ஜினியர் இல்லையா!

"சரி, கேஸ் முடிஞ்சுது. வீட்ட போய்க் கழுவிப்போட்டுத் திரும்பச் செய்யுங்கோ. ஏழாவது ரிங் இருக்குத்தானே?"

"ஒரு நிமிஷம்..." சந்திரா இழுத்தாள். "போன வாரமும் வெச்சேனே!"

"என்னது?!"

"பொட்டு இல்லீங்க. வெறும் விபூதி. ஆறு ரிங்கும் சொதப்பி, சாப்பிடாம உக்காந்திருந்தீங்க. பார்க்கப் பாவமா இருந்துச்சு. ஒவ்வொரு கூட்டுலயும் துளித்துளி..."

மூணு மாசம்... ஏழு ரிங்... அத்தனை அளவு, அத்தனை கணக்கு! கழுத்தை வழுவழுப்பாக்கி எல்லாப் புல்லட்டையும் ஒரே சீராகப் பிடிக்க வைத்தது விபூதி!

கிருஷ்ணமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பக்கம் விஞ்ஞானம். மறுபக்கம் கிரைண்டர்.

மனைவி பக்கம் திரும்பினார்.

"சந்திரா... அந்த விபூதி டப்பா எங்கே?"

ஞாயிறு மாலை, கிருஷ்ணமூர்த்திக்கு முதல் பரிசு! கிரைண்டர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. பெர்லின் நகரம், நொய்கெல்ன் முருகன் கோயில்.

"அர்ச்சனை ஆரின்ர பேருக்கு?" குருக்கள் கேட்டார்.

ஐந்து மணி நேரம் ரயிலில் வந்திருந்த சுதீர் பயபக்தியோடு குனிந்தான்.

"என் ரைஃபிள் பேருக்கு சாமி."

"நட்சத்திரம்?"

"ஆறரை மில்லிமீட்டர்!"